பவுசியாவின் ஆடுகள் மேய்ந்த நிலம்

கறம்பக்குடிக்கு மேற்கே, தைலமரக் காட்டை ஒட்டி இருக்கிறது சொர்ணவல்லியின் ஓட்டு வீடு. சித்திரை பிறந்தால் அந்தக் காட்டில் எங்காவது தீப்பிடிக்கும். மற்றவர்கள் எழுந்து ஓடிவிடலாம். அவள் கணவர் மலையாண்டி தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடப்பவர். அவரைத் தூக்க ஆள் வர வேண்டும். தீ ஆளுக்காகக் காத்திருக்குமா?

போன மாசியில் ஒரு முடிவோடு அரிவாளை எடுத்தாள். காட்டுப் பக்கத்து முள்வேலியை வெட்டி அகற்றினாள். காய்ந்த முள் என்பது தீக்கு நாமே போட்டுக் கொடுக்கும் பாதைதானே! சுவரோரம் இருந்த விறகையும் வைக்கோல் போரையும் தூரத் தள்ளினாள். தினமும் சருகைக் கூட்டினாள். "வேலி இல்லாத வீடும் ஒரு வீடா?" என்று ஊர் சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வேலி போனதும், பக்கத்து வீட்டு பவுசியா பக்ரீத்துக்கு வளர்த்த ஆடுகள் உள்ளே புகுந்தன. கத்தரிச் செடிகள் மொட்டையாயின. சொர்ணவல்லி வாய்க்கு வந்தபடி ஏசினாள். பவுசியா ஆடுகளை ஓட்டிப்போய்க் கட்டிப்போட்டாள். பிறகு ஒரு கோடை மழை பெய்தது. வீட்டைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம் வளர்ந்து, வெயிலில் காயத் தொடங்கியது. நோயாளியை வைத்துக்கொண்டு அவள் ஒருத்தி அத்தனை புல்லையும் எப்படி அறுப்பாள்? ரோஷத்தை விழுங்கிக்கொண்டு பவுசியா வாசலில் போய் நின்றாள்.

"ஆட்ட அவுத்து விடும்மா. நான் பேசுனத மனசுல வச்சுக்காத."

"அட போக்கா, ஒனக்கில்லாத ஆடா?"

ஆடுகள் மண் தெரிய மேய்ந்து முடித்த சில நாட்களில், ஒரு மத்தியானம் காடு பற்றிக்கொண்டது. எரியும் மரப்பட்டைகள் பறந்து வந்து விழுந்தன. விழுந்த இடத்தில் பற்ற ஒன்றுமில்லை. சொர்ணவல்லி ஈரச் சாக்கால் பொறிகளை அடித்தாள். வெறும் மண் வரை வந்த தீ அங்கேயே அவிந்தது. கட்டிலைத் தூக்குவதற்கு மகன் ஷாகிரோடு ஓடி வந்த பவுசியாவுக்கு வேலையே இல்லை. சொர்ணவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒன்னையும் ஒன் ஆட்டையும் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் தாயி."

அவர்கள் போனபின் மலையாண்டி மெல்லக் கேட்டார்: "தீயக் கண்டதும் நீ மட்டுமாச்சும் ஓடியிருக்கலாம்ல?"

"எங்கிட்டு ஓடுறது? நீங்க இங்கிட்டுல்ல இருக்கீங்க" என்றபடி, அவர் முகத்தில் படிந்த சாம்பலை முந்தானையால் துடைத்தாள்.