மானின் வயிற்றில் மூன்று பால்ரஸ்

வாடிப்பட்டிப் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான். போன கோடையில் ஒரு காலை, தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெண்மணி போன் செய்தார்.

“டாக்டரம்மா, புள்ளிமான் ஒண்ணு முந்தாநாள்ல இருந்து தோப்புக்குள்ள படுத்துக் கெடக்கு. ஆளக் கண்டாலும் எந்திரிக்க மாட்டேங்குது. வனத்துறைக்கும் சொல்லிட்டேன்.”

போனேன். பெட்டை மான். சொட்டுநீர்க் குழாய் ஓரம் ஈர மண்ணில் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. இடது விலாவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. வேலிக் கம்பி குத்தியது என்றுதான் முதலில் நினைத்தேன். தடவிப் பார்த்தால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு. ரத்தம் அதிகமில்லை, சீழ் நாற்றம்தான். ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அந்தப் பெண்மணி அதன் கண்ணை மூடிவிடப் பார்த்தார். மூடவில்லை.

வனக்காவலர் முன்னால் அங்கேயே அறுத்துப் பார்த்தேன். உள்ளே மூன்று எஃகு உருண்டைகள், சைக்கிள் சக்கரத்துக்குப் போடும் பால்ரஸ். நாட்டுத் துப்பாக்கியில் அடைத்துச் சுட்டிருக்கிறார்கள். குடல் ஏழெட்டு இடத்தில் பொத்துப்போயிருந்தது. இதயத்தின் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. கழுவியதும் உருண்டைகள் கடையில் வாங்கிய மாதிரி பளபளத்தன.

அந்த ஞாயிறு கோச்சடையில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அத்தான் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்தார். அங்கே லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர். நடந்ததைச் சொன்னேன்.

“குண்டு தப்பு. எஃகு விரியாது, ஊசி மாதிரி தைச்சுட்டுப் போயிரும். முழுக்கச் செம்பு உறை போட்ட ரைபிள் குண்டும் அப்படித்தான். மானுக்கு அது ஆகாது. முனையில ஈயம் தெரியிற குண்டு போடணும். உள்ள போனதும் குடை மாதிரி விரியும். நெஞ்சுல பட்டா கொஞ்ச தூரத்துலயே விழுந்துரும்” என்றார்.

“வயித்துல பட்டா?”

“வயித்துல பட்டா எந்தக் குண்டும் கஷ்டம்தான். நாங்க ரத்தத்தப் பாத்துக்கிட்டே தேடிப் போவோம்.”

அவர் சொன்னது சரி. நல்ல குண்டு சரியான இடத்தில் பட்டிருந்தால் அந்த மான் இரண்டு நாள் கிடந்திருக்காது. அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கொல்லவே கூடாத ஊரில் உட்கார்ந்து எப்படிக் கொன்றால் நல்லது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அக்கா என்னைத்தான் திட்டினாள்.

மறுநாள் வனத்துறை அதிகாரி ஒருவர் போனில் கூப்பிட்டார்.

“மான் ரிப்போர்ட்ல நாய் கடிச்சதுன்னு எழுதிருங்கம்மா. குண்டுன்னு எழுதுனா கேஸு, கோர்ட்டுன்னு நீங்கதான் அலையணும்.”

“நாய் பால்ரஸ்ஸ முழுங்கிட்டா கடிச்சுச்சு, சார்?”

போனை வைத்துவிட்டார். துப்பாக்கிச் சூடு என்றே எழுதி, உருண்டைகளை டப்பாவில் போட்டு அரக்கு வைத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து பக்கத்து ஊரில் துப்பாக்கியோடு இருவர் பிடிபட்டார்கள். ஒருவன் சொன்னதை வனக்காவலர் வந்து சொன்னார்: “சுட்டோம், ஓடிருச்சு. வெயில் ஏறிருச்சேன்னு தேடல.”

வெயிலாம். அதே வெயிலில்தான் அது வயிற்றில் மூன்று உருண்டைகளோடு குழாய்த் தண்ணீரைத் தேடி வந்திருக்கிறது.

வழக்கு நடக்கிறது. போன வாய்தாவுக்குத் தோப்புக்காரப் பெண்மணியும் சாட்சியாக வந்திருந்தார். இருவரும் நீதிமன்ற வராந்தாவில் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒருவர் வந்து, தேதி மாற்றிவிட்டார்கள், போகலாம் என்றார்.