ஒரு மாவடுவுக்காக

மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தவர் அவர். ஒடிசலான உடம்பு, முறைத்துப் பார்ப்பது போன்ற கண்கள். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. உப்பு வைக்க வந்தபோது இலையின் ஓரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“இலையில உப்பு இல்லாம எப்படி மாமா?” என்று பரிமாறுகிறவர் தயங்கினார்.

“வேண்டாம்னா வேண்டாம். மேல போங்கோ.”

கூட்டு, சாம்பார், ரசம், அப்பளம் எல்லாவற்றுக்கும் அதே கைதான் குறுக்கே வந்தது. வெறும் சாதத்தில் நெய்யை ஊற்றிச் சாப்பிட்டார். கல்யாணச் சாப்பாட்டை இப்படியா அவமதிப்பது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. தயிர் வந்ததும் ஊறுகாய் வைப்பவரைக் கைதட்டி அழைத்து, பெரிய மாவடுவாக ஒன்று கேட்டு வாங்கினார்.

எதிர்வரிசையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “ஏன்னா, அது முழுக்க உப்பு! டாக்டர் என்ன சொன்னார்?”

“ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள்ளன்னார். கார்த்தாலேர்ந்து உப்பில்லாமத்தானே சாப்ட்டுண்டிருக்கேன்? அளவு அவர் சொன்னது. அதை எதுல சாப்பிடறதுன்னு நான்தான் சொல்லுவேன். சமையல்காரரும் இல்லே, நீயும் இல்லே!”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். நாதஸ்வரத்தையும் மீறி அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

பந்தியில் ஒன்று விடாமல் சாப்பிட்டவன் நான். என் இலையிலும் மாவடு வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன், காம்பு மட்டும் கிடந்தது. எப்போது தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.