துள்ளிய தேங்காயும் முன் கண்ணாடியும்

என் காரின் முன் கண்ணாடியை உடைத்தவர் அக்காவின் புருஷன். உடைத்ததைக்கூட மன்னித்திருப்பேன். உடைத்துவிட்டு அவர் சொன்ன சொல்லைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அது பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, சிவப்பு நிறம், நிலத்தோடு ஒட்டின உயரம். என் கணவர் இறந்து சில வருடங்களுக்குப் பிறகு, கிளிநொச்சி ரவுணில் நான் நடத்தும் தையல் கடையின் உழைப்பில் வாங்கினேன். பிடித்திருந்தது, வாங்கினேன், அவ்வளவுதான். உழவு மெசின் ஓடும் றோட்டில் பொம்பிளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்களில் அத்தான்தான் முதல் ஆள். அதே அத்தான், மூத்த மகனின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக் காராக அது வேண்டும் என்று என் வீட்டுக் கதிரையில் வந்து குந்தினார். ஆனால் நான் ஓட்டக் கூடாதாம். விதவை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து போவது சரிவராதாம். அவருடைய தம்பி ஓட்டுவாராம். அக்காவின் முகத்துக்காக அதையும் விழுங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கச் சம்மதித்தேன்.

மாப்பிள்ளை புறப்படும்போது கார் முன்னால் தேங்காய் உடைப்பது வழக்கம். கல்லில் வைத்துக் கத்தியால் ஒரு போடு போட்டால் முடிந்தது. அன்றைக்குத் தர்மபுரத்தில் அத்தான் வீட்டு வாசலில் வீடியோக்காரர் நின்றதால் அத்தானுக்கு அது போதவில்லை. கோயிலில் சிதறுதேங்காய் அடிப்பதுபோல இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் கருங்கல்லில் ஓங்கி அடித்தார். தேங்காய் உடையவில்லை. முழுசாகத் துள்ளியது. வான் என்றால் முன்பக்கத்தில் பட்டுக் கீழே விழுந்திருக்கும். என் கார் உயரம் குறைந்தது. தேங்காய் பொனற்றைத் தாண்டிப் போய்க் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி நடுவிலிருந்து நாலா பக்கமும் வெடித்தது. தேங்காயில் ஒரு கீறல் இல்லை.

மகன் புறப்படும் நேரத்தில் தகப்பன் கையில் தேங்காய் உடையாமல் போவதைவிடப் பெரிய அபசகுனம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. அத்தானின் முகம் வெளிறிப் போனது. அந்தப் பழியை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும். சுற்றிப் பார்த்தவர், சாவியோடு ஓரமாக நின்ற என்னைக் கண்டார்.

“உது சும்மா நடக்கேல்லை. நல்ல காரியத்துக்கு ஆரின்ரை காரைக் கொண்டு வந்து நிப்பாட்டுறம் எண்டு நான் யோசிச்சிருக்க வேணும்” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

விதவையின் கார் என்கிறார் என்று சபைக்கு விளங்கிவிட்டது. அக்கா குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்தார். மாப்பிள்ளை வேறொரு வானில் போனான், நான் வெடித்த கண்ணாடியோடு காரை மெல்ல உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் காலத்துக் காருக்குக் கண்ணாடி எளிதில் கிடைக்காது. மாதக்கணக்காகத் தேடினேன். அதுவரை கார் படங்கால் மூடிக் கிடந்தது. காலையில் எழும்பினதும் படங்கைத் தூக்கி வெடிப்பைப் பார்ப்பேன். கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பார்த்தேன். அத்தானின் வயலுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வராமல் போகட்டும் என்று ஒரு நாள் நேர்ந்துகூட வைத்தேன். வயல் அக்காவின் பெயரில் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளையாரிடம் போய் நேர்த்தியைத் திருப்பி எடுத்தேன்.

கடைசியில் வவுனியாவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா, கொழும்பில் கழித்துப் போட்ட இதே மாதிரிக் காரொன்றிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மெத்தையில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரோடு வேலை செய்பவருக்குக் காய்ச்சல், வரவில்லை.

“தங்கச்சி, ஒராள் காருக்குள்ள இருக்கோணும்” என்றார்.

பழைய கண்ணாடி சட்டத்தோடு பசையால் ஒட்டியிருக்கும். அந்தப் பசைக்குள் மெல்லிய உருக்குக் கம்பியை நுழைத்து, ஒரு முனையை உள்ளே ஒருவரும் மறுமுனையை வெளியே ஒருவரும் பிடித்து, மாறி மாறி இழுத்து அறுக்க வேண்டும். நான் ஏறப் போன நேரம் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அத்தான். வெள்ளை வேட்டி, கையில் கதலிப்பழச் சீப்பு.

“மச்சாள், சின்னவனுக்கும் கலியாணம் சரிவந்திட்டுது. பொம்பிளை வீட்டுக்காரர் உந்தக் காருக்குப் பக்கத்திலை பெடியள் நிண்ட படத்தைப் பாத்திட்டினம். மாப்பிள்ளை உதிலைதான் வரவேணுமாம். ஒற்றைக் காலிலை நிக்கினம்.”

எனக்கு உள்ளே கும்மாளம்.

“பாப்பம் அத்தான். முதல்லை உள்ளுக்கு ஏறி உந்தக் கம்பியைப் பிடியுங்கோ.”

கார் தேவைப்பட்ட மனிதர், மறுக்க முடியவில்லை. மடங்கிச் சுருண்டு உள்ளே போனார். நானா வெளியே நின்று, “நடுவுல நிப்பாட்டாதீங்க, கம்பி இறுகி அறுந்திடும்” என்றார். நான் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கார் முன்னால் நிழலில் போட்டு, பிளேன்ரீயோடு உட்கார்ந்தேன். மத்தியான வெயில். கண்ணாடித் தூளும் கறுத்த பசையும் வேட்டியில் கொட்டின. கடை பூட்டியிருந்ததால், தைக்கக் கொடுத்த சட்டைகளை எடுக்க வீட்டுக்கே வந்த பெண்கள் வேலியோரம் நின்றுவிட்டார்கள். நானும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

“அத்தான், அண்டைக்குத் தேங்காய் ஏன் உடையேல்லை?”

“அதை ஏன் இப்ப...”

“இழுங்க, இழுங்க” என்றார் நானா.

“தும்பு கூடிப்போச்சுது” என்றார் அத்தான், இழுத்துக்கொண்டே.

“ஆர் உரிச்சது?”

“நான்தான்.”

“ஆர் எறிஞ்சது?”

“நான்தான், விடனப்பா!”

“அப்ப பிழை ஆரிலை?”

கம்பி போய் வந்தது. அவர் வேலிப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னிலை” என்றார்.

“கேக்கேல்லை.”

“உம்மிலை ஒரு பிழையுமில்லை. என்னிலைதான் பிழை!” என்று கத்தினார். வேலியோரம் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

பழைய கண்ணாடி கழன்றது. வெளியே வந்த அத்தான் வேட்டியைத் தட்டியபடி, “அப்ப கார்?” என்றார்.

“வரும். நான்தான் ஓட்டுவன்.”

அந்தக் காரில் இரண்டு பேருக்குத்தான் இடம். என்ன கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் எதிர்பார்த்தது இன்னும் கொஞ்சம் வசவு, பிறகு சாவி. வேட்டியில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டே சரி என்று தலையை ஆட்டினார். பழச்சீப்பைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

சின்னவனின் கல்யாணத்தன்று புதுக் கண்ணாடியோடு நான் முன்னால் போனேன். மாப்பிள்ளை என் பக்கத்தில் இருந்தான். அத்தானும் அக்காவும் என் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் வானில் வந்தார்கள். அவசியத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மிதித்தேன். அதனால் பெண்ணின் ஊரான வவுனியாவில், மண்டப வாசலில் மாப்பிள்ளையோடு முதலில் இறங்கியது நான். பெண் வீட்டாருக்கு என்னைத் தெரியாது. மாப்பிள்ளையின் சின்னம்மா என்று அவனே சொன்னான். அவர்கள் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். என் கை தயங்கியது. ஒரு பெண் சிரித்துக்கொண்டு தன் விரலாலேயே என் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டாள்.

உள்ளே வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. வான் வந்து நின்று, அத்தான் இறங்கி, என் முகத்தை நேரே பார்க்கும்வரை வாசலிலேயே நின்றேன்.