சந்தியாகப்பரின் வாள் வெளியே போயிருக்கிறது

குதிரைமேல் வீற்றிருக்கும் புனித சந்தியாகப்பர் சிலையின் முஷ்டியிலிருந்து வாளை உருவி, கட்டைவிரலால் கூரைத் தடவிப் பார்த்து, "இன்னிக்குத் தாங்கும்" என்று இலாரியா சொன்னால்தான் சொனோராவின் அந்தச் சின்னக் கோயிலில் பொழுது விடியும். அவள் கோயில்பிள்ளையாகி இருபத்தெட்டு வருஷம். வாளுக்கு இருநூற்றைம்பது இருக்கலாம்.

வாள் என்றதும் மனசில் வருகிற ஒய்யாரம் அதற்குக் கிடையாது. கை நீளத்தில் முக்கால், மூன்று விரல் அகலம், ஒருபக்கம் மட்டும் கூர், விரல்களை மறைக்கச் சிப்பி போல ஓர் இரும்புத் தகடு. ஸ்பெயின் ராஜாவின் எல்லைக் குதிரைக்காரர்கள் சேணத்தில் தொங்கவிட்டது. நகரத்து ஆட்கள் அதன் பல்லுடைசல்களைப் பார்த்து எத்தனை போரோ என்று உருகுவார்கள். இலாரியா விடமாட்டாள். "போரா? இது கருவேலம், இதுவும் கருவேலம், இது நம்ம குமெர்சிந்தோ வாங்கிட்டுப் போய்ப் பாறையில போட்டது. எதிரிகிட்டப் போய்ச் சேரவே முள்ள வெட்டியாகணும்ல."

ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். பூசைக்குள் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதுவரை புனிதரின் கையில், அவள் பீன்ஸ் கிண்டும் மரக்கரண்டி. கரண்டியோடும் அவர் கம்பீரமாகவே இருக்கிறார் என்பது ஊரின் அபிப்பிராயம்.

இந்த மார்ச்சில், வாய்க்காலில் முள் வெட்டுகிற அன்று பார்த்து, ஆயர் இல்லத்திலிருந்து எவோடியோ சாமி பட்டியலோடு வந்திறங்கினார். பட்டியலில் ஏறும் பழம்பொருள் நகரத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடும், திரும்பாது. சாமி புனிதரை அண்ணாந்து பார்த்தார்.

"வாள் எங்கம்மா?"

"வாய்க்காலுக்குப் போயிருக்கு சாமி. கடைக் கத்தியெல்லாம் வளஞ்சு போச்சு. இன்னிக்கு முள்ள எடுக்கலைன்னா விதைச்சது காஞ்சிரும்."

"யார் அனுமதி கொடுத்தது?"

"இவர்கிட்டக் கேட்டேன். வேண்டாம்னு சொல்லலை."

சாமி ஜன்னலோரம் போனார். தூரத்தில் வெட்டுச் சத்தம் கேட்டது. அவரும் வாய்க்கால் பாயும் ஊரில் பிறந்தவர்தான். தண்ணீர் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார். நாலு மணிக்கு என்றாள்.

பட்டியலைப் பிரித்தார். 'சிலை, மரம், ஒன்று' என்று வாய்விட்டுச் சொல்லி எழுதினார். சாமி மறுபடி நிமிர்ந்து, புனிதரின் கையை நெடுநேரம் பார்த்தார்.

"கையில் கரண்டி, மரம், ஒன்று. பழசல்ல."

இலாரியா முக்காலியில் ஏறினாள். கரண்டியில் காய்ந்து ஒட்டியிருந்த பீன்ஸை இடுப்புத்துணியால் துடைத்து, அதைப் புனிதரின் முஷ்டிக்குள் இன்னும் ஓர் அங்குலம் அழுத்திச் செருகினாள்.