மதிலைத் தாண்டிய கொம்பு

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தை நடத்துபவர் அவர். கசங்காத வெள்ளைச் சட்டை. யாரைக் கண்டாலும் தோளில் கைபோட்டு, "பிரதரே, ஜீவியத்துல கனி உண்டா?" என்று விசாரிப்பார். நான் திருடன்போல முழிப்பேன்.

அவர் வீட்டுச் சக்கைப் பலா மரத்தின் ஒரு கொம்பு மதிலைத் தாண்டிக் காய்த்தது. அந்தப் பக்கம் குடியிருந்த கட்டட வேலைக்காரர்கள் பறித்துத் தின்றார்கள். ஒருநாள் பார்த்தால் அந்தக் கொம்பு மட்டும் இல்லை.

"நல்லா காய்ச்ச கொம்பாச்சே சார்?" என்றேன்.

"கனி தர்ற கொம்பைக் கோதிக் கழிச்சு விட்டாத்தான் பிரதரே, இன்னும் கனி தரும். வசனம் உண்டல்லோ."

வெட்டி எறியும்படி அதே வசனம் சொல்வது காய்க்காத கொம்பை. அவர் முற்றத்துப் பக்கம், ஒரு பிஞ்சுகூட விடாத கொம்புகள் பத்திரமாக நின்றன. நான் அண்ணாந்து அவற்றையே பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"நல்ல நிழல், அல்லே?" என்றார்.