மூன்று டாங்கிகள் பின்வாங்கிய ஞாயிறு

எங்கள் மேனேஜருக்கு நான் நாற்பத்தாறு டாங்கிகள் செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரைத் தீப்பெட்டி நீளம். பாதி ஜெர்மன், பாதி ரஷ்யா. எழுபத்தேழில் ஆரம்பித்து எட்டு வருஷம், ஞாயிறு தவறாமல் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி, கண்டோன்மென்டில் இருந்த அவருடைய பங்களாவுக்குச் சைக்கிள் மிதித்தேன். இன்று யாராவது அதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொழுது போனது அவருக்கு. எனக்கு அது வாரத்தின் ஏழாவது வேலைநாள்.

தஞ்சாவூர் ரோட்டில் ஒரு தனியார் கம்பெனி. ஷெட்டுகளுக்கும் சின்னப் பாலங்களுக்கும் இரும்புக் கட்டுமானம் செய்து கொடுக்கும். அதன் டிராயிங் ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன். மேனேஜர் வாலிபத்தில் டிரெய்னிங்குக்காக இரண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் இந்த மேஜை யுத்தம். பிங்பாங் மேஜையில் பச்சைத் துணி விரித்து, மரத்தூளும் பசையும் குழைத்துக் குன்றுகள் வைத்து, நீல பெயிண்டில் ஓர் ஆறு வரைந்து, இரண்டு பக்கமும் டாங்கிகளை நிறுத்துவார்கள். ஆளுக்கொரு முறை நகர்த்த வேண்டும். எத்தனை அங்குலம் நகரலாம், எத்தனை அங்குலத்துக்குள் சுடலாம் என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

ஒருநாள் அவர் என் போர்டுக்கே வந்து ஒரு புகைப்படத்தை வைத்து, "இதை அளவா வரைய முடியுமாய்யா?" என்றார். சாயங்காலத்துக்குள் மூன்று பக்கமும் வரைந்து கொடுத்தேன். "செய்யவும் முடியுமா?" என்றார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மேனேஜரே என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாரே என்ற பூரிப்பில் சரி என்றேன்.

கல்யாணப் பத்திரிகை அட்டைதான் உடம்பு. அதைவிடக் கெட்டியாக, மழமழவென்று வேறு அட்டை கிடையாது. காம்பஸ் முள்ளால் பின்பக்கத்திலிருந்து மெல்லக் குத்தினால் முன்பக்கம் வரிசையாக ரிவெட் ஆணித்தலைகள் எழும்பும். சட்டைப் பொத்தான்கள் சக்கரம். பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டினால் சங்கிலிப் பட்டை. பால்பாயின்ட் ரீஃபில் பீரங்கி. பெயிண்ட் பெரிய கடைவீதியில் வாங்கிய எனாமல். பூசிக் காய்ந்த பிறகு, வெளிர் நிறத்தில் பிரஷைத் தொட்டு, அதைத் துணியில் அநேகமாக முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளின்மேல் லேசாக இழுக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு ரிவெட்டும் வெளிச்சம் பட்டாற்போல் எழுந்து நிற்கும். சேற்றுக்குக் காவிரி வண்டலைச் சலித்து வார்னிஷில் குழைத்துக்கொள்வேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை இப்போது மறைத்துப் பயனில்லை. அந்த ஊரில் அப்படிச் செய்ய வேறு ஆள் இல்லை.

விளையாட்டு மேனேஜருக்கும் அவருடைய சிநேகிதரான தில்லைநகர் பல் டாக்டருக்கும். அவர்கள் உட்கார்ந்து ஆடுவார்கள். நான் நின்றுகொண்டு தையல் டேப்பைப் பிடித்து அங்குலம் சொல்வேன். அடிபட்ட டாங்கியை எடுத்து ஓரமாக வைப்பதும் நான்தான். அப்படி நின்று நின்றே சட்டம் முழுக்க எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இரண்டாம் வருஷமோ என்னவோ, மேனேஜர் சுட்டபோது டேப்பைப் பார்த்து, "அரை அங்குலம் பத்தலை சார்" என்று சொல்லிவிட்டேன். பல் டாக்டர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் என்னை வரச் சொல்லவில்லை. ஆபீஸில் என் வணக்கத்துக்குப் பதில் வரவில்லை. நாலாவது ஞாயிறு கூப்பிட்டபோது போனேன். அதற்குப் பிறகு அவருக்கு வேண்டிய அரை அங்குலம் என் டேப்பில் எப்போதும் இருந்தது.

எண்பத்து மூன்றில் எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் ரிடையர் ஆகப்போகிறார் என்று பேச்சு வந்தது. அந்த இடத்துக்கு இரண்டே பேர்தான். ஒருவன் நான். இன்னொருவன் எனக்கு நாலு வருஷம் பின்னால் சேர்ந்தவன். யாரிடமும் வாய் கொடுத்துச் சண்டை இழுப்பவன். யாரை வைப்பது என்பதை மேனேஜர்தான் எழுத வேண்டும். அந்த வேலையோடு கம்பெனி குவார்ட்டர்ஸ் ஒன்றும் வரும். நாங்கள் அப்போது சித்திரை வீதிக்குப் பின்னால் ஒண்டுக்குடித்தனம். அஞ்சு வீட்டுக்கும் ஒரே குழாய். முதுகுவலியோடு விடியற்காலையில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பாள் என் மனைவி.

"இத்தனை வருஷம் ஞாயித்துக்கிழமைய அவருக்கே எழுதி வச்சாச்சு. இதுகூடவா செய்ய மாட்டாரு?" என்பாள். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிறு பல் டாக்டர் வரவில்லை. அவர் பெண்ணைப் பார்க்க மணப்பாறையிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். மேனேஜர் கொஞ்ச நேரம் மேஜையைச் சுற்றி நடந்துவிட்டு, "நீயே உட்காருய்யா, ரஷ்யாவை எடுத்துக்கோ" என்றார். ஆறு வருஷத்தில் முதல் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அரைமணி நேரத்திலேயே ஆட்டம் என் கைக்கு வந்துவிட்டது. மேனேஜர் அவசரக்காரர். தன் ஐந்து டாங்கிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றுப் பாலத்தில் ஏற்றிவிட்டார். இடப்பக்கக் குன்றுக்குப் பின்னால் என் மூன்று டாங்கிகள் இருந்தன. குன்றைச் சுற்றி வெளியே கொண்டுவந்தால் போதும், அவருடைய டாங்கிகளின் விலாப்பக்கம் நேராகத் தெரியும். விலாவில் கவசம் மெல்லிசு. பகடையில் ஒன்று விழுந்தால்தான் தப்பும், மற்ற எது விழுந்தாலும் போச்சு. தூரம் பத்து அங்குலம். சட்டப்படி பன்னிரண்டு வரை சுடலாம். ஆறு வருஷம் டேப் பிடித்தவனுக்கு அதை அளந்து பார்க்க வேண்டியதில்லை.

டாங்கியின்மேல் விரலை வைத்தேன். எதிரே அவர் முகத்தைப் பார்த்தேன். பேசாமல் இருந்த அந்த மூன்று வாரம் நினைவுக்கு வந்தது. மூன்று டாங்கிகளையும் பின்னாலிருந்த கிராமத்துக்குள் இழுத்துக்கொண்டேன்.

மேனேஜர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பாலத்தைத் தாண்டி வந்து, என் டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்தார். நானே செய்த டாங்கிகளை நானே எடுத்து ஓரமாக வைத்தேன். "பிரமாதமா ஆடினீங்க சார்" என்றேன். அதை இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

அன்று திரும்பி வருகையில் காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்று. ஆனால் சைக்கிள் தானாகப் போனது. பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைப்பு. வீட்டில் சொன்னபோது மனைவி முகத்தில் சிரிப்பே இல்லை. "தோத்துட்டு வந்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். உனக்கு ஆபீஸ் விஷயம் தெரியாது என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டினார்கள். சண்டைக்காரனின் பெயர். என் முகத்தில் ஈயாடவில்லை. அவன் என்னிடம் வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே" என்றான். அவன்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

"போய்க் கேளுங்க" என்றாள் மனைவி. "சண்டை போட வேணாம். ஏன்னு மட்டும் கேளுங்க. கேக்காம திரும்பி வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். போனதுமே புது ஜெர்மன் டாங்கி ஒன்றை மேஜையில் வைத்து, பெயிண்ட் டப்பாக்களைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். கை வேலை செய்தால்தான் வாய் வரும் என்று தோன்றியது. ஒரு பக்கம் முடிந்த பிறகு, தலையைத் தூக்காமலே, "எனக்குக் கிடைக்கும்னு நினைச்சேன் சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"டாக்டர் வராத அன்னிக்கு நீ ஆடினியே, ஞாபகம் இருக்கா? என் அஞ்சு டாங்க்கும் பாலத்துல நின்னுது. உன் மூணும் குன்றுக்குப் பின்னால. ஒண்ணு, அது உன் கண்ணுல படலை. அதுகூடப் படலேன்னா, உன்கிட்ட இருபது பேரைக் கொடுத்து வேலை வாங்குன்னு நான் சொல்ல முடியாது. இல்லே, பட்டும் நீ அடிக்கலை. அப்படின்னா எனக்கு விட்டுக்கொடுத்திருக்கே. நாளைக்கு எவனாவது கான்ட்ராக்டர் முகத்தைத் தூக்கினா அவனுக்கும் டிராயிங்கை மாத்திக் கொடுப்பே. ரெண்டுல எதுய்யா? நீயே சொல்லு."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அரை அங்குலத்துக்கு மூன்று வாரம் என் முகத்தில் விழிக்காதவர் நீங்கள். வாயைத் திறக்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான், அதற்கு இப்போது எனக்கே தண்டனையா என்று கேட்டிருக்கலாம். அஞ்சு வீட்டுக் குழாயும் மனைவியின் முதுகும் கண்முன் நின்றன. ஒருமுறை, ஒரே ஒருமுறை, உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தால், குவார்ட்டர்ஸ் கிடைக்காவிட்டாலும் அவளிடம் போய்ச் சொல்ல ஒரு சேதி இருந்திருக்கும்.

"கண்ணுல படலை சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்படித்தான் ரிப்போர்ட்லயும் எழுதியிருக்கேன்" என்றார். பிறகு என் கையிலிருந்த டாங்கியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"சக்கரத்துல சேறு பத்தலை. இன்னும் கொஞ்சம் வை."

வைத்தேன்.