கயிற்றை அறுக்கும் பெண்

வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாததுமாகப் பினாங்குத் துறையில் படகேறி, அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ஈப்போ ரயிலைப் பிடித்தேன். மூன்றாம் வகுப்புச் சீட்டு இரண்டு வெள்ளி எண்பது காசு. வெறும் பலகை பெஞ்சுதான். ஆனால் ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனுக்கு வழக்கும் வாய்தாவும் இல்லாமல் நான்கு நாள் கிடைப்பது பெரிய விஷயம். பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருக்கும் என் பள்ளித் தோழன் மாசிலாமணியைப் பார்க்கப் புறப்பட்டிருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, பிரசவத்துக்கு ஓடுவது எல்லாம் அங்கே அவன் ஒருவன்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த நாகூர்க்காரர் ஜவுளி வியாபாரி. நான் போகுமிடத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தோட்டத்துக்கா? அங்க என்னத்தப் பாக்கப் போறீங்க தம்பி? மரம், மரம், இன்னும் மரம்! ஈப்போவுல இறங்கி நல்லா சாப்பிட்டுட்டுத் திரும்பிடுங்கலா."

அவர் பேச்சில் பாதியைக் கேட்டேன். ஈப்போவில் இறங்கி நன்றாகச் சாப்பிட்டேன். ஸ்டேஷன் கட்டடம் அரண்மனை மாதிரி வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதைத் தாண்டிப் பழைய பட்டணத்தில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் சோறும் மீன் குழம்பும் முப்பது காசு. பிறகு தாப்பா போகும் மோட்டார் பஸ். முப்பத்தைந்து மைல், ஒரு வெள்ளி. ஊரைவிட்டு வெளியேறியதும் குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைகள் சாலையோரம் செங்குத்தாக எழும்புகின்றன. மலை முகட்டில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனவோ தெரியாத மரங்கள். அடிவாரத்துக் குகைகளில் சீனர்கள் கொளுத்திய ஊதுவத்திப் புகை. கோப்பெங், கம்பார் வரை இரு பக்கமும் ஈயம் தோண்டிய பள்ளங்களும் வெள்ளை மணல் மேடுகளும். அதற்கப்பால் வியாபாரி சொன்னது சரியாகப் போயிற்று. மரம், மரம், இன்னும் மரம்.

மாலை நாலரை மணிக்குத் தாப்பா. மாசிலாமணி மாட்டு வண்டியோடு காத்திருந்தான். ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறவன், குசலம் விசாரிப்பதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மச்சான், நல்ல நேரத்துல வந்த. நாளைக்கு மத்தியானம் தொரை ஒரு படத்தப் பாக்க வாராரு. தமிழும் இங்கிலீசும் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் வேணும்."

"உங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்ன ஆனார்? அவருக்கு இங்கிலீஷ் தெரியுமே?"

"அவருதான் தொரைகிட்ட போட்டுக் கொடுத்ததே. அவரு வாயால அர்த்தம் சொன்னா அந்தப் பொம்பள கதி அதோகதிதான்."

வண்டி செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டே போக, அவன் கதையைச் சொன்னான். அந்தப் பெண் பெயர் அங்கம்மா. பால்மரம் சீவுகிறவள். கணவன் வீரன் புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் காய வைப்பவன். திருவிழாக் காலத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவரில் கிளியும் யானையும் வரைகிறவள் அவள்தான். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் ஒரு சுவர் வெறுமையாக இருந்தது. ஏதாவது வரைந்து தொங்கவிடு என்று ஆயா கேட்டிருக்கிறாள். மயிலோ மானோ வரும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவள் வேறொன்றை வரைந்துவிட்டாள். கூலிகளைக் கலகத்துக்குத் தூண்டும் படம் என்று கிராணி எழுதிக் கொடுத்துவிட்டார். துரை புது ஆள், வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, தமிழ் தெரியாது. படத்தைக் கிழிப்பதோடு நிற்காது, புருஷன் பெண்டாட்டி இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தி, தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

சனிக்கிழமை. காலை வேலை முடிந்து பெண்கள் குழந்தைகளை எடுத்துப்போக வரும் நேரத்தில் கொட்டகைக்குப் போனோம். தகரக் கூரை, மண் தரை, வரிசையாகத் துணித் தூளிகள். எதிர்ச் சுவர் முழுவதையும் அந்தப் படம் அடைத்துக்கொண்டிருந்தது. மாவு மூட்டைத் துணிகளைப் பிரித்துத் தைத்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருந்தாள்.

இடது ஓரத்தில் கரும்புக் காடு. அதன் நடுவே ஒரு வண்டிப் பாதை. ஒரே நீளக் கயிற்றில் இடுப்புகள் பிணைக்கப்பட்டு, பெண்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். பின்னால் சவுக்கோடு ஒருவன். அவனுக்கு உடுப்பு இருக்கிறது, தொப்பி இருக்கிறது, முகம் மட்டும் வரையப்படவில்லை. நடுவில் வேறொரு கூட்டம் பாதையை மறித்துக் குந்தியிருக்கிறது. சிலர் மடியில் பிள்ளை. ஒருத்தி மாட்டு வண்டிச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். வலது ஓரத்தில், மற்ற எல்லோரையும்விடப் பெரிதாக ஒரு பெண். வரிசையில் முதலில் வருகிறவளின் கயிற்றை ஒரு கத்தியால் அறுக்கிறாள்.

படத்தில் யார் யார் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. வந்திருந்த பெண்களே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"வண்டிச் சக்கரத்தப் புடிச்சிருக்கறது எங்க பெரியம்மாலா. அப்படித்தான் அடம் புடிப்பாங்க" என்றாள் ஒருத்தி.

"இல்லக்கா, அது நாந்தான். மூக்குத்தியப் பாருங்க!" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது. தூளியில் ஒரு குழந்தை விழித்து அழுதது.

அங்கம்மா கடைசியாக வந்தாள். நாற்பது வயதிருக்கும்; நல்ல உயரம்; தலைத்துணியில் பால் கறை. மாசிலாமணி அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இது ஏதோ புராணக் கதைன்னு சொல்லிடுவோம். அசுரன் புடிச்சிட்டுப் போன பொண்ணுங்கள அம்மன் வந்து மீட்கிறா. அம்புட்டுதான். தொரைக்கு என்ன தெரியப் போவுது?"

அவள் என்னைப் பார்த்தாள். "கோர்ட்டுல வேலையாமே நீங்க. அங்க ஒருத்தர் சொன்னத மாத்திச் சொல்வீங்களா அண்ணே?"

"கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அப்ப இங்கயும் அப்படியே சொல்லுங்க. நான் வரைஞ்சது அம்மன் இல்ல."

மாசிலாமணி தலையில் கைவைத்துக்கொண்டான். கோர்ட்டில் நான் மொழிபெயர்த்த வார்த்தையால் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு; ஆனால் அவர்களில் யாரும் அதற்கு முன் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

இரண்டு மணிக்குத் துரை வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் சிவந்த முகம். பின்னால் கிராணி. பெண்கள் குழந்தைகளை இடுப்பில் ஏந்தியபடி சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருத்தியும் வெளியே போகவில்லை. துரை வெகுநேரம் படத்தையே பார்த்தார். பிறகு என்னிடம் கேட்கத் தொடங்கினார்.

"இது எந்த இடம்?"

அங்கம்மா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "பாரிட் புந்தார் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம், தொரை. எனக்கு ஏழெட்டு வயசு. எங்கம்மா ஒப்பந்தத்துல வந்தவ. அடி தாங்காம, கோர்ட்டுல போய்ச் சொல்லுவோம்னு அம்மாவும் இன்னும் கொஞ்சம் பொம்பளைங்களும் தோட்டத்த விட்டு ஓடினாங்க. ஓடினது குத்தம்னு அவங்களயே புடிச்சுக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. லயத்துல இருந்தவங்க எல்லாம் பாதையில உக்காந்துட்டாங்க. பொழுது சாயுற வரைக்கும் எந்திரிக்கல."

"அந்த மனிதனுக்கு ஏன் முகம் இல்லை?"

"நாங்க குனிஞ்சே நின்னோம். அவன் முகத்த நான் பாத்ததே இல்ல."

அதையும் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். கிராணி குறுக்கிட்டார்: "சார், கரும்புத் தோட்டம் என்கிறாள். அந்தக் கத்தியைப் பாருங்கள். கரும்புக் கத்தியா அது? நம் தோட்டத்தில் பால் சீவக் கொடுக்கும் கத்தி. பழைய கதை என்பது வெறும் சாக்கு."

துரை படத்தின் அருகில் போய்க் குனிந்து பார்த்தார். கத்தியின் நுனி வளைந்திருந்தது. சந்தேகமே இல்லை. "கேளுங்கள். இது எந்தக் கத்தி?"

மாசிலாமணி என் முழங்கையை லேசாகத் தொட்டான். கரும்புக் கத்தி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துக்கொள்வாள். நான் கேள்வியை மட்டும் தமிழில் சொன்னேன்.

"பால் கத்திதான்" என்றாள் அங்கம்மா. "அன்னிக்கு அந்தக் கயித்த யாரும் அறுக்கல தொரை. நான் சின்னப் புள்ள, பாத்துக்கிட்டே நின்னேன். அம்மா திரும்பி என்னப் பாத்துட்டே போனா. இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் நான் அறுக்கறேன். இப்ப என் கையில இருக்கறது பால் கத்திதானே."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் துரை கேட்டார்: "இது எனக்கு மிரட்டலா?"

"பெத்தவள அவுத்து விடறது மிரட்டலா தொரை? அந்த ஒப்பந்தத்த உங்க சர்க்காரே நிறுத்திடுச்சு. நிறுத்தினது சரிதான்னு நானும் படம் போட்டிருக்கேன்."

இதைச் சொல்லி முடித்ததும் துரையின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, வெட்கம் என்று சொல்லலாமா, எனக்குத் தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சிவப்பை எதில் செய்தாய்?"

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. "செம்மண்ணு. கறுப்பு அடுப்புக்கரி. நீலம் சலவை நீலம்" என்றாள்.

துரை தலையசைத்தார். படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். கிராணி ஏதோ ஆரம்பித்தார். துரை கையை உயர்த்தினார். பிறகு வாசலில் நின்று, திங்கட்கிழமை காலை வேலைக்கு வழக்கம்போல் எல்லோரும் வரவேண்டும் என்று எனக்குச் சொல்லி, "எல்லோரும் என்றால் அவளும்தான்" என்று சேர்த்துக்கொண்டார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் அங்கம்மாவைச் சூழ்ந்துவிட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்ற வீரன் மட்டும் உள்ளே வராமல், தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

கூலி ஒரு காசு ஏறவில்லை. கிராணியும் போய்விடவில்லை. ஆனால் அன்று மாலை லயத்து வாசல்களில் பெண்கள் உரக்கப் பேசினார்கள். அப்படி உரக்கப் பேசி அந்த வாசல்களில் தான் கேட்டதே இல்லை என்றான் மாசிலாமணி.

திங்கட்கிழமை. திரும்பும் ரயில் பாரிட் புந்தாரில் சற்று அதிக நேரம் நின்றது. இறங்கிப் பார்த்தேன். கரும்பு எங்கும் இல்லை. கால்வாய் வெட்டி நீர் பாய்ச்சி, கண்ணுக்கெட்டிய தூரம் நெல் போட்டிருக்கிறார்கள். நாற்று காற்றில் அசைந்தது. எந்தப் பாதையில் அவர்கள் உட்கார்ந்தார்கள் என்று யாரைக் கேட்பது? கேட்டாலும் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

இரவு பினாங்கில் என் வீட்டுக் கூடத்தில் விளக்கைப் பொருத்தியதும் சுவர்களைப் பார்த்தேன். லட்சுமி இருக்கிறாள், முருகன் இருக்கிறார், முடிசூடிய வெள்ளைக்கார மன்னரும் இருக்கிறார். தலைத்துணி கட்டிய, பால் கறை படிந்த நம்மவர் ஒருவர்கூட இல்லை. அது ஒரு குறை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

என் மனைவி சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவளுடைய தாயாரும் ஒப்பந்தத்தில் வந்தவர்தான். எந்தத் தோட்டத்துக்கு என்றுகூட அவள் இதுவரை சொன்னதில்லை. நான் சொல்லி முடித்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

"படத்துல அந்தக் கயிறு முழுசா அறுந்திடுச்சா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "இல்லை. பாதி அறுந்திருக்கிறது. மீதிப் புரியின் மேல் கத்தி இருக்கிறது."

"அப்ப சரி. எனக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கு" என்றாள் அவள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து, தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.